உங்களுக்குத் தெரியுமா? கப்பலேறும் பைன் பலகை

பெசன்ட் நகர்ப் பக்கம், சரக்கு அடுக்கி அனுப்பும் பாலேட் பலகைகளை ஆணியடித்து பெஞ்சாக்கிப் போட்டிருக்கும் காப்பிக் கடையில் உட்கார நேர்ந்தால், பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பாலேட்டாக இருந்தால் கோதுமைக் கதிர் முத்திரை, நாட்டின் இரண்டெழுத்துக் குறி, பக்கத்திலேயே 'எச்.டி.' அல்லது 'எம்.பி.' என்று சூடு போட்டிருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடேற்றி, 30 நிமிடம் விட்டிருக்கிறார்கள். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு பிடித்தது. பழைய பாலேட் வாங்கி அலமாரி செய்கிறவர்கள் எச்.டி.யாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இந்த முத்திரைக் கெடுபிடிக்கெல்லாம் முக்கியக் காரணம், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நூற்புழு. நீள்கொம்பு வண்டின் உடம்புக்குள் ஏறிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும். பிறந்த மண்ணான வட அமெரிக்காவில் பைன்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அப்படியில்லை. புழு ஏறிய மரம் சில மாதங்களில் காய்ந்து நிற்கும். 1984இல் வட அமெரிக்காவிலிருந்து வந்த மரச் சில்லுகளில் பின்லாந்து இந்தப் புழுவைப் பிடித்தது. 1990களில் ஐரோப்பா கதவைச் சாத்த, வட அமெரிக்காவிலிருந்து ஈரப் பலகையை அப்படியே கப்பலேற்றிய வியாபாரம் படுத்தது. சூடேற்றிய பலகைக்குத்தான் அனுமதி. அப்படியும் 1999இல் போர்த்துகலில் புழு தலைகாட்டிவிட்டது.

அமெரிக்க பைன் ஐரோப்பாவுக்குப் போவது இன்று நேற்றுக் கதையல்ல. பிரிட்டிஷ் கடற்படைக்குப் பாய்மரம் வேண்டும். அதற்கு நியூ இங்கிலாந்தின் வெள்ளை பைன் வேண்டும். 1691ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சாசனப்படி, தனியாருக்கு வழங்கப்படாத நிலத்தில் 24 அங்குலமோ அதற்கு மேலோ குறுக்களவுள்ள மரமெல்லாம் மன்னருக்கு. அம்புக்குறி வெட்டி அடையாளம் வைத்தார்கள். வெள்ளை பைன் வெட்டியதற்கு அபராதமா என்று 1772இல் நியூ ஹாம்ப்ஷயரின் வியர் ஊர்க்காரர்கள் ஷெரீஃபையே அடித்து விரட்டினார்கள். பாஸ்டன் தேநீர்க் கலகத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் முந்தைய சம்பவம் இது. என்னவோ, தேநீருக்குக் கிடைத்த பேர் பைனுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கப்பல் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. ஜெர்மனியும் ஸ்வீடனும் அமெரிக்காவுக்கே பலகை விற்கின்றன. 2018க்குப் பிறகு வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து ஜெர்மனியின் ஸ்ப்ரூஸ் காடுகளைச் சாய்த்ததில் அங்கே மரம் குவிந்தது. அமெரிக்கப் பலகைக்கு இன்று கனடா, மெக்சிகோ, சீனா போன்றவைதான் பெரிய சந்தை.

நம்மூர் மரக்கடைகளில் வெளிநாட்டு மரம் பெருகியதற்கு ஒரு வழக்கும் காரணம். கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடு முழுக்கக் காடு வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. உள்நாட்டு மரம் குறையக் குறைய, தூத்துக்குடிக்கும் குஜராத்தின் காண்ட்லாவுக்கும் கட்டை ஏற்றிய கப்பல்கள் அதிகம் வரத் தொடங்கின. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதும் 'பர்மா தேக்கு' இன்னும் எட்டாக்கனி ஆனது.

வெளிநாட்டு மரம் கட்டையாக மட்டும் வரவில்லை. சினிமாவில் டூயட் பாடும் கொடைக்கானல் பைன் காடு, நட்டு வளர்த்த காடு. அதிலுள்ள பட்டுலா பைனின் பூர்வீகம் மெக்சிகோ.

அமெரிக்காவில் 'இரண்டுக்கு நாலு' என்று விற்கும் சட்டத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அறுத்து, உலர்த்தி, இழைத்ததில் போனது மிச்சம். மில்லிமீட்டரில் வாங்கும் ஐரோப்பியருக்கு இந்த அளவு சரிப்படாது. அவர்களுக்கென்று தனியாக அறுக்க வேண்டும்.

உருட்டுக்கட்டைக்கு நம் மரக்கடைக்காரர்கள் போடும் கணக்கு பிரிட்டிஷ் காலத்து ஹோப்பஸ் முறை: சுற்றளவில் கால் பங்கு, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கு. 4 அடிச் சுற்றளவு, 10 அடி நீளக் கட்டைக்கு 10 கன அடி என்று பில் வரும். உண்மையில் அதில் இருப்பது ஏறத்தாழ 12.7 கன அடி. கூடுதல் மரம் இலவசம் என்று துள்ள வேண்டாம். பட்டையும் அறுப்புச் சேதாரமும் அதற்குள்தான் அடக்கம்.