வாக்கெண்ணிக்கை

குடியாட்சி நடைபெறும் நாட்டில் ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் உரிமை குடிமக்களுக்கு உரியது. அவர்கள் வாக்குச்சாவடிக்குச் சென்று, தம் விருப்பத்தைப் பிறர் அறியாவண்ணம் பதிந்து, விரலில் மையுடன் வீடு திரும்புகின்றனர். அவ்வளவில் அவர்தம் கடமை முடிந்தது. ஆயின், அவ்வாக்கு இடையிலே மறையாமலும், மாறாமலும், மிகாமலும் எண்ணப்பட்டது என்பதற்கு உறுதி யாது?

இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. ஒரு வணிகனுடைய கணக்கில் ஐயம் தோன்றினால், கொடுத்தவனையும் வாங்கியவனையும் அழைத்து வினவித் தெளியலாம். வாக்குக் கணக்கிலோ அவ்வாறு வினவுதல் கூடாது. இன்னார் இன்னாருக்கு வாக்களித்தார் என்பது வெளிப்படலாகாது என்பது சட்டம். மறைவாக அளிக்கப்பட்ட ஒன்றை வெளிப்படையாகக் கணக்கிட்டுக் காட்டவேண்டும். தேர்தல் அலுவலர்தம் அருமைப்பாடு அனைத்தும் இதன்கண் அடங்கியுள்ளது. மேலும், வென்றவர் எண்ணிக்கையை ஆராயார், தோற்றவரே ஆராய்வர். ஆதலால், தோற்றவரும் மறுக்கமாட்டாத வகையில், அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு செயலும் நிகழுமாறு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

பலர் காணச் செய்தல் என்னும் இக்கருத்துத் தமிழகத்திற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடும் என்று அஞ்சினர் போலும்! அவன் படித்த பின்னர், ஆங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படித்துப் பார்த்தனர். இக்குடவோலை முறையை இக்காலத் தேர்தலோடு ஒன்றென உரைப்பாரும் உளர். அது பொருந்தாது. அது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டே. நிலமும் மனையும் உடையாரே அதில் இடம்பெறற்கு உரியர். எனினும், கையை விரித்துக் காட்டுக என்ற அந்நுண்மை போற்றத்தக்கது.

இந்தியா உரிமை பெற்றபின் முதற் பொதுத்தேர்தல் 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. சுகுமார் சென் என்பார் அப்பொழுது தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கினார். எழுத்தறியாதார் மிகுதியாக இருந்தமையின், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினர். பின்னர் 1962ஆம் ஆண்டுத் தேர்தலில், எல்லார் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை பரவலாயிற்று. சீட்டுக்களைப் பிரித்து, அடுக்கி, கட்டுக் கட்டி எண்ணி முடிப்பதற்குள் இரவு கழிந்து மறுநாளும் வந்துவிடும். ஈரோட்டையடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1996ஆம் ஆண்டு 1,033 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டு ஒரு நூல் வடிவில் அச்சாயிற்று! அதனை எண்ணியவர்தம் பாடு எத்தகையதென ஊகித்துக் கொள்ளலாம்.

வாக்குப்பதிவு இயந்திரம் 1982ஆம் ஆண்டு கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. தமிழகச் சட்டமன்றத் தொகுதிகள் அனைத்திலும் 2001ஆம் ஆண்டிலும், நாடெங்கணும் 2004ஆம் ஆண்டிலும் அது நிலைபெற்றது. எண்ணும் வேலை விரைவாயிற்று. ஆயின் சரிபார்க்கும் வேலை குறைந்திலது. சீட்டைக் கண்ணாற் காணலாம். இயந்திரத்தின் உள்ளத்தைக் காணமுடியாதன்றோ!

எண்ணிக்கை, எண்ணும் நாளில்தான் தொடங்குகின்றது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது வாக்களிப்பு நாளன்று விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகின்றது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் பதியச் செய்வார். விழுந்தவாறே இயந்திரம் காட்டுகின்றதா என்று பார்த்தபின், அவற்றை அடியோடு அழித்து, சுழியம் நிற்பதைக் காட்டி, முத்திரையிட்டு, அதன்பின் உண்மை வாக்குப்பதிவைத் தொடங்குவார். அழித்தல் என்னும் இச்சிறு செயலை மறந்தால் விளையும் குழப்பம் பெரிது. ஆந்திர மாநிலத்து மைதுக்கூர்த் தொகுதியில் 2019ஆம் ஆண்டு ஒரு சாவடியின் கணக்கில் வேறுபாடு காணப்பட்டது. ஆராய்ந்தபோது, மாதிரி வாக்குகள் நீக்கப்படாமையே காரணமெனத் தெரிந்தது. இயந்திரம் பிழைக்கவில்லை, கை மறந்தது.

மாலையில் வாக்களிப்பு முடிந்ததும் தலைமை அலுவலர் 17-சி என்னும் படிவத்தை நிரப்புகின்றார். வாக்களித்தோர் பதிவேட்டில் எத்தனை பேர் கையொப்பமிட்டனர், இயந்திரத்தில் எத்தனை வாக்குகள் உள்ளன, எந்த எண்ணுடைய முத்திரைகள் இடப்பட்டன என்பனவெல்லாம் அதன் முதற்பகுதியில் இடம்பெறும். உண்மைப்படி ஒன்றினை ஒவ்வொரு முகவருக்கும் அளித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு சாவடியில் 812 வாக்குகள் பதிவாயின எனக் கொள்வோம். அவ்வெண் அன்று மாலையே வேட்பாளர் ஒவ்வொருவர் கைக்கும் சென்றுவிடும். எண்ணும் நாளில் அவ்வியந்திரம் 813 என்று காட்டினும் 811 என்று காட்டினும், அக்கணமே முகவர் எழுந்து வினவுவார். எளிய ஒரு தாளே எனினும், தேர்தற் காப்புக்களுள் இதனினும் வலியது பிறிதில்லை எனலாம்.

பின்னர் இயந்திரங்கள் காப்பறையில் வைக்கப்படுகின்றன. கதவுக்குப் பூட்டும் முத்திரையும் இடுவர்; வெளியே படைவீரர் காவல் புரிவர். வேட்பாளருடைய ஆட்களும் அருகிலிருந்து கண்காணிக்கலாம்.

எண்ணிக்கை நாளன்று காப்பறையை வேட்பாளர் முன்னிலையில் திறக்கின்றனர். தேர்தல் நடத்தும் அலுவலர் வாக்கின் மறையைக் காத்தல் பற்றிய சட்டப் பிரிவை அனைவரும் கேட்க வாசிக்கின்றார். காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளை எண்ணத் தொடங்குவர். அரைமணி நேரம் கழித்து இயந்திர வாக்குகளை எண்ணத் தலைப்படுவர். கூடத்தில் பெரும்பாலும் 14 மேசைகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். மேசைக்கும் முகவருக்கும் இடையே கம்பிவலை தடுத்திருக்கும், காணலாம், தொடலாகாது. ஒரே முறையில் 14 சாவடிகளின் இயந்திரங்கள் எண்ணப்படுவது ஒரு சுற்று ஆகும்.

மேசைக்கு வந்த இயந்திரத்தின் எண்ணையும் முத்திரைகளையும் முதற்கண் முகவருக்குக் காட்டி, 17-சி படிவத்தோடு ஒப்பிடுகின்றனர். முத்திரை சிதைந்திருப்பின் அவ்வியந்திரத்தைத் தனியே வைத்துவிடுவர். யாவும் செம்மையாக இருந்தால், முடிவு காட்டும் பொத்தானை அழுத்துவர். வேட்பாளர் வரிசைப்படி எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். எண்ணிக்கை மேற்பார்வையாளர் அவற்றைப் படிவத்தின் இரண்டாம் பகுதியில் எழுத, முகவரும் தத்தம் தாளில் எழுதிக் கொள்வர். மொத்தம் முதற்பகுதியிற் கண்ட எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். முகவர் கையொப்பமிட்டபின் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் செல்கின்றது.

ஆங்கும் அதனை அப்படியே நம்பிவிடுவதில்லை. தேர்தல் ஆணையம் அனுப்பிய பார்வையாளர், ஒவ்வொரு சுற்றிலும் தம் விருப்பப்படி இரண்டு இயந்திரங்களைப் பொறுக்கி, அவற்றின் எண்களைத் தனியே எழுதுவித்து, மேசையிலிருந்து வந்த கணக்கோடு ஒப்புநோக்குவார். எவ்வியந்திரத்தைப் பொறுக்குவார் என்பது எழுதுவோருக்குத் தெரியாது. சுற்றின் கூட்டுத்தொகையை அறிவித்துப் பலகையில் எழுதியபின்னரே அடுத்த சுற்றின் இயந்திரங்களை எடுத்து வருவர்.

இனி, இயந்திரத்தையே எதனைக் கொண்டு சரிபார்ப்பது? இதற்காக எழுந்ததே விவிபாட் என வழங்கும் தாட்கருவி. வாக்காளர் பொத்தானை அழுத்தியதும், அவர் தெரிந்த வேட்பாளரின் பெயரும் சின்னமும் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்று கண்ணாடிக்குள் 7 நொடி தோன்றிப் பெட்டியில் விழும். நாகாலாந்து மாநிலத்து நொக்சென் இடைத்தேர்தலில் 2013ஆம் ஆண்டு இது முதன்முதல் வந்தது. உச்சநீதிமன்றம் 2019ஆம் ஆண்டு இட்ட ஆணைப்படி, சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுக்களைக் கையால் எண்ணி இயந்திரக் கணக்கோடு பொருத்திப் பார்க்கின்றனர்.

அவ்வைந்து சாவடிகள் எவை? சாவடி எண்களை வெள்ளைத் தாள்களில் எழுதி, எல்லாருக்கும் காட்டி, நான்காக மடித்து, ஒரு கலத்தில் இட்டுக் குலுக்கி எடுக்கின்றனர். உத்தரமேரூர்க் குடம் ஆயிரத்து நூறு ஆண்டுகட்குப் பின்னர் மீண்டும் வந்தது போலும்! எடுத்த சாவடியின் சீட்டுக்களை வங்கிக் காசாளர் அறைபோல் கம்பிவலையிட்ட தனியிடத்தில் வேட்பாளர்வாரியாகப் பிரித்து, 25 சீட்டுக்கள் கொண்ட கட்டுக்களாகக் கட்டி எண்ணுகின்றனர். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் முரணுமாயின், சீட்டுக் கணக்கே கொள்ளப்படும் என்பது விதி.

ஐந்து போதுமா, அனைத்தையும் எண்ணலாகாதா என்ற வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றம் சென்றது. அனைத்தையும் எண்ணவேண்டுவதில்லை என்று 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அஃது ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் பெற்றோர் முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்பின், தொகுதியில் நூற்றுக்கு ஐந்து வீதம் இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர் ஆராய்ந்து காட்டவேண்டும். செலவு கேட்டவருடையது, முறைகேடு காணப்படின் அத்தொகை திருப்பித் தரப்படும்.

இயந்திரத்தைக் குறித்தே பலரும் பேசுகின்றனர். ஆனால், வழக்கிற்குப் பெரிதும் இடமாவது தபால் வாக்கே எனலாம். பிற ஊரில் பணிபுரியும் அரசு அலுவலர், படைவீரர் முதலியோர் அனுப்பும் இவ்வாக்கில் உறுதிமொழி, சான்றொப்பம், உறை எனப் பல உறுப்புக்கள் உள்ளன; ஒன்று குறையினும் வாக்கு தள்ளப்படும். நெல்லைச் சீமையின் இராதாபுரம் தொகுதியில் 2016ஆம் ஆண்டு வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நின்றவை 49 வாக்குகள். அங்கே 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியருக்கு அதற்குரிய தகுதி இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. தகுதி உண்டு என்று 2019ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் கூறி, அவ்வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுக்களையும் மறுபடி எண்ணப் பணித்தது. எண்ணியும் ஆயிற்று, ஆனால் முடிவை வெளியிடலாகாதென உச்சநீதிமன்றம் தடுத்தது. அச்சட்டமன்றம் 2021ஆம் ஆண்டு தன் காலம் நிரம்பிக் கலைந்தது. ஒரு கையொப்பத்தின் தகுதியை ஆராய்வதில் ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் முழுதும் கழிந்தது. தள்ளப்பட்ட தபால் வாக்குகளின் தொகையைவிட வெற்றி வேறுபாடு குறைவாயின், முடிவை அறிவிக்குமுன் அவ்வாக்குகள் அனைத்தையும் மறுபடி ஆராயவேண்டும் என்று ஆணையம் விதித்திருப்பதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

எல்லாச் சுற்றுக்களும் முடிந்தபின், மொத்தக் கணக்கை 20ஆம் எண் படிவத்தில் சாவடிவாரியாக எழுதி அறிவிக்கின்றனர். உடனே வெற்றியை அறிவித்துவிடுவதில்லை. சிறிது நேரம் நிறுத்துகின்றனர். மறு எண்ணிக்கை வேண்டுவோர் அவ்விடைவேளையில் காரணங்காட்டி எழுதிக் கேட்டல் வேண்டும். அலுவலர் ஏற்கவும் மறுக்கவும் செய்யலாம். ஆனால் எதுவாயினும் காரணத்தை எழுதிவைத்தல் கடன். இராசத்தான் மாநிலத்து நாத்துவாராத் தொகுதியில் 2008ஆம் ஆண்டு ஒருவர் 62,216 வாக்குகளும் மற்றவர் 62,215 வாக்குகளும் பெற்றனர். இத்தகைய இடங்களில் கூட்டலில் நேரும் ஒரு பிழையும் ஓர் ஆட்சியின் போக்கை மாற்றவல்லது. இருவர் சமமாக நிற்பின், அலுவலர் திருவுளச்சீட்டு எடுப்பார். சீட்டு எவர் பெயருக்கு விழுந்ததோ அவர் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவராகக் கருதப்படுவார்.

பார்வையாளர் இசைவளித்தபின், தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவித்துக் கையொப்பமிடுகின்றார். வென்றவருக்கு 22ஆம் எண் படிவத்தில் சான்றிதழ் வழங்கி, பெற்றுக்கொண்டமைக்கு அவரிடம் ஒப்புதற் கையொப்பம் வாங்கி, அதனைப் பதிவுத் தபாலில் அவைச் செயலருக்கு அனுப்புகின்றார். ஆரவாரமும் மாலையும் வெளியே நிகழ்ந்துகொண்டிருக்க, உள்ளே அலுவலர்கள் இயந்திரங்களுக்கும் சீட்டுக்களுக்கும் மறுபடி முத்திரையிடுகின்றனர். விரும்பும் வேட்பாளர் தம் முத்திரையையும் சேர்த்து இடலாம். முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கிடுதற்கு 45 நாட்கள் உண்டு. அந்நாட்கள் கழியுமளவும், நீதிபதி கேட்டால் எடுத்துக் காட்டுமாறு, அவை பூட்டிய அறையிற் காத்திருக்கும்.