கால் மில்லிமீட்டர் கூடினாலும் ஆபத்து! வீட்டிலேயே தோட்டா உறை வெட்டும் அமெரிக்கர்கள்

துப்பாக்கி சுட்டதும் தரையில் சிதறும் காலி உறைகளை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ அவற்றை மிதித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் மைதானங்களில் பலர் குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

காரணம், சிக்கனம். ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் தீர்ந்துவிடும். உறை மட்டும் மிஞ்சும். அதில் மீண்டும் பிரைமர், மருந்து, குண்டு வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். இதற்குப் பெயர் 'ரீலோடிங்'. அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்பனைக்குத்தான் வேண்டும். 2020-ல் அங்கே தோட்டாக்களுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, காலி உறைகளின் அருமை இன்னும் கூடியது.

இந்தப் பொழுதுபோக்கில் பொறுமையைச் சோதிக்கும் வேலை ஒன்று உண்டு. உறையை அளந்து, சரியான நீளத்துக்கு வெட்டுவது!

பித்தளை ஏன் நீள்கிறது?

சுடும்போது எழும் அழுத்தத்தில் உறை விரிந்து, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதை மறுபடி பயன்படுத்த, 'டை' என்ற அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்கு நெருக்குவார்கள். மாவு உருண்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் நீளும் அல்லவா? பித்தளையும் அப்படித்தான், வாய்ப்பக்கமாக நீளும். அதனால் டையில் இருந்து எடுத்த பிறகுதான் நீளத்தை அளக்க வேண்டும்.

.223 ரெமிங்டன் தோட்டா உறையின் அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம், அதாவது 44.70 மி.மீ. அதைத் தாண்டினால் 1.750 அங்குலத்துக்கு வெட்டுவார்கள். வித்தியாசம் வெறும் கால் மில்லிமீட்டர்! .308 வின்செஸ்டருக்கு 2.015 அங்குலம் உச்சவரம்பு. வெட்டும் அளவு 2.005. உச்சவரம்புகளை வகுப்பது 1926-ல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்களின் அமைப்பு. அதன் சுருக்கப் பெயரை எழுத்துக்கூட்டினால் 'சாமி' என்று வரும்!

நீளம் கூடினால் என்ன ஆகும்? சேம்பர் முடிந்து குழல் குறுகும் இடத்தில் உறையின் வாய் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு எளிதில் வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் எகிறும். துப்பாக்கியே சேதமாகலாம்; சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. வாய்ப்பக்கம் நீண்ட பித்தளை, உறையின் உடம்பில் இருந்து வந்ததுதான். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். அங்கே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், அந்த உறையின் ஆயுள் முடிந்தது. எவ்வளவு வெட்டினாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

வெட்டுவது எப்படி?

நீளத்தை அளக்க காலிப்பர். வெட்ட, கையால் சுழற்றும் சின்ன லேத் போன்ற டிரிம்மர். வெட்டியதும் வாயின் உள்ளும் வெளியும் பிசிறு நிற்கும். உள்பக்கம் லேசாகச் சரித்துவிட்டால் குண்டு கீறல் படாமல் இறங்கும். வெளிப்பக்கப் பிசிறையும் நீக்க வேண்டும்.

எல்லா உறைகளும் நீள்வதில்லை. .45 ஏசிபி போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் உறை, சுடச் சுடக் கொஞ்சம் குறுகவே செய்யும். அதைப் பெரும்பாலும் யாரும் வெட்டுவதில்லை.

ஏமாற்றும் ஷாட்கன் தோட்டா

ஷாட்கன் தோட்டாவில் நீளம் இன்னும் தந்திரமான விஷயம். பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருந்தால், அது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். புதுத் தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் குட்டையாகத் தெரியும்.

பழைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் சேம்பர் நீளம் 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டா அதற்குள் சிக்கல் இல்லாமல் நுழைந்துவிடும். 'உள்ளே போய்விட்டதே, பொருந்தும்' என்று நினைத்தால் அதுதான் பொறி. சுட்டதும் வாய் விரிந்து, குழல் குறுகும் இடத்தை மேலும் அடைக்கும். அழுத்தம் ஏறும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் மர உருளையைச் செருகி, கூர்மையான பிளேடால் 65 மி.மீ.க்கு வெட்டுவார்கள். பலமுறை மடித்து வாய் கிழிந்த உறைகளுக்கும் இதனால் மறுவாழ்வு கிடைக்கும். உறை குட்டையானால் உள்ளே இடமும் குறையும். எனவே மருந்தையும் ரவையையும் அந்த நீளத்துக்கென வெளியிடப்பட்ட அட்டவணைப்படிதான் நிரப்ப வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் வேண்டாம்

பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட உறையில் ஒட்டியிருக்கும் கரித்தூள், கை வழியாக வாய்க்குப் போகலாம். குழந்தைகளுக்கு ஈயம் கூடுதல் கேடு. அதனால் சமையலறையில் இந்த வேலை கூடாது. தனி மேசை, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுதல், பூட்டிய அலமாரி ஆகியவை கட்டாயம்.

இந்தியாவில் இதை முயன்று பார்க்க நினைக்காதீர்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அனுபவசாலிகள், சந்தேகம் வந்த உறையின் வாயை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுவார்கள். அடுத்த முறை கை தவறி எடுத்துவிடக் கூடாதே! மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு பாடும். ஆனால், சந்தேகப்பட்ட உறையில் மட்டும் அவர்கள் மிச்சம் பிடிப்பதில்லை.