ஆயில் இன்ஜினுக்கு ஆர்.சி. புக் கிடையாது

கொடுமுடிப் பக்கம் காவிரியையும் காலிங்கராயன் வாய்க்காலையும் விட்டுக் கொஞ்சம் மேடேறினால் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். அங்கே பழைய சாளை எதற்குள் நுழைந்தாலும், உரச் சாக்குக்கும் உடைந்த கலப்பைக்கும் பின்னால் ஒரு ஆயில் இன்ஜின் துருவேறிக் கிடக்க வாய்ப்புண்டு. பழைய இரும்பு எடுக்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். "சும்மாதானுங்களே கெடக்குது, எடை போட்டுக்கலாமுங்களா?" என்பார். வார்ப்பிரும்பு என்பதால் நல்ல எடை நிற்கும். அன்று சாயங்காலமே வண்டி ஏறிவிடும்.

பழைய வண்டிகளுக்கு இந்தக் கதி இல்லை. கொங்கு நாட்டில் அவற்றுக்கு ஏகப்பட்ட மவுசு. வீட்டு ஷெட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ, மைசூரில் செய்த ஜாவாவையோ, திருவொற்றியூர் புல்லட்டையோ பிரித்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் உண்டு. தகரம் வெட்டிப் பற்றவைக்க ஆள் வேண்டுமென்றால், பஸ் பாடி கட்டும் கரூர் கொடுமுடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தப் பிரித்து மாட்டும் ஆசைக்கு நம் ஊரில் பெரிய முன்னோடி ஜி.டி. நாயுடு. 1893-ல் கலங்கலில் பிறந்தவர். கிராமத்துக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் சர்வராக வேலை செய்து பணம் சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றக் கிளம்பவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டிக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டியவர், 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டாரும் செய்து காட்டினார். அவர் பெயரைத் தாங்கிய ஜிடி கார் மியூசியம் 2015 முதல் அவிநாசி ரோட்டில் இருக்கிறது. 1886-ன் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரியை அங்கே பார்க்கலாம்.

காருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வின்டேஜ்' என்று பதிவாகும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது. சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலாவது பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தத் தகுதி கிடைக்காது. நியாயமான நிபந்தனை. பழைய அம்பாசடருக்குள் ஜப்பான் இன்ஜினை வைத்து, பளபளவென்று சிவப்படித்து 'ரெஸ்டோர் பண்ணிட்டேன்' என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆயில் இன்ஜினுக்கு நம்பரும் இல்லை, ஆர்.சி. புக்கும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஆனால் இந்த மண்ணின் தொழில் திறமைக்கு ரோல்ஸ் ராய்ஸைவிட அதுதான் பெரிய வாத்தியார் என்பேன். கவலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த மேட்டாங்காடுகளுக்கு முதலில் வந்த யந்திரம் இதுதான். 1930-களில் பைகாரா மின்சாரம் கோவை மில்களை எட்டிவிட்டாலும், தோட்டத்துக்குக் கம்பி இழுக்கப் பல வருஷம் ஆனது. அதுவரை தண்ணீர் இறைத்ததும் கரும்பாலை ஓட்டியதும் லிஸ்டர், பெட்டர், கிர்லோஸ்கர் வகை இன்ஜின்கள். நாற்றுக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் இன்ஜின் நின்றால் கம்பெனி ஆள் வரும்வரை பயிர் காத்திருக்குமா? பக்கத்து ஊர் லேத் பட்டறைக்காரரே புஷ் கடைந்தார், வால்வு தேய்த்தார், போர் போட்டார். 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்ததும் இன்ஜின் மூலைக்குப் போயிற்று.

லிஸ்டர் மாதிரியில் ஆறு குதிரைச் சக்தி இன்ஜின் ஒன்று கிடைத்தால், வீட்டுப் பட்டறையிலேயே எழுப்பிவிடலாம். நிமிஷத்துக்கு 650 சுற்றுதான். அதனால் தேய்மானம் நிதானம். பல வருஷம் நின்றதில் பிஸ்டன் இறுகியிருக்கும். ஃப்ளைவீல் ஆரத்தில் கடப்பாரை போட்டு நெம்புவது பலர் செய்யும் தப்பு. வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் அதோடு கதை முடிந்தது. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊற விடணும். பிறகு பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டணும். மயிரிழை அசைந்தாலே போதும், மிச்சத்தை எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர் ஜாக்கெட். நம் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். சிலிண்டரைச் சுற்றிய வழியில் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் வெளியே பச்சைப் பெயிண்ட் அடித்து என்ன பிரயோசனம்? அரை மணி நேரத்தில் சூடேறிப் பழையபடி இறுகும். கடைசியாக நாஸில். அதைக் கழற்றி வெளியே வைத்துப் பம்ப்பைக் கையால் அடித்தால் டீசல் புகையாகப் பீய்ச்ச வேண்டும். கூடவே 'கிர்ர்' என்று ஒரு சத்தம். சத்தமில்லாமல் சொட்டுச் சொட்டாக வடிந்தால் அந்த நாஸில் ஆகாது. பீய்ச்சும்போது மட்டும் எதிரே கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்னொரு விஷயம், பெயிண்ட். கம்பெனிப் பெயர், குதிரைச் சக்தி, சுற்று, சீரியல் நம்பர் எல்லாம் உள்ள பித்தளைத் தகட்டின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிடுகிறார்கள். இன்ஜினுக்கு இருக்கும் ஒரே அடையாள அட்டை அது. முதலில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கணும்.

உதிரி பாகத்துக்குக் கவலை வேண்டாம். ராஜ்கோட் பட்டறைகள் லிஸ்டர் அச்சில் இன்ஜின்களைச் செய்து தள்ளியதால் ரிங், கேஸ்கட், நாஸில் எல்லாம் கிடைக்கும். சாளையில் எங்கே தேடினாலும் கிடைக்காதது சுற்றும் ஹேண்டில்தான். லேத்துக்காரரிடம் ஷாஃப்ட் அளவைக் கொடுத்தால் செய்து தந்துவிடுவார். சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வேகம் பிடித்ததும் விட்டால் முதல் வெடி வெடிக்கும். திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகட்டும், விரல் மிஞ்சும்.