நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எந்த நேரம் தோது?

காலை ஐந்தரை மணிக்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பணி ஓய்வு பெற்ற ஆண்கள் அதிகம் தென்படுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஓடுவார்கள். கணவரோடு பேசிக்கொண்டே நடக்கும் ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள் சிலர் இருப்பார்கள். கூலி வேலைக்கும் போய், வீட்டு வேலையையும் சுமக்கிற நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை அங்கே பார்ப்பது அரிது. அந்த நேரத்தில் அவர் குழாயடியில் நிற்பார். அல்லது இட்லிக்கு அடுப்புப் பற்றவைத்திருப்பார். அல்லது ஏதாவது ஒரு மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்.

'தினமும் வாக்கிங் போங்கம்மா' என்ற அறிவுரை அவருக்கும் கிடைத்திருக்கும். எப்போது போவது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளை பெறும் வயதில் தமிழ்நாட்டின் சுகாதாரத்துறை ஒரு பெண்ணைக் கண்ணை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்கிறது. கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிவிடும். சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் நிதியுதவி, பிரசவத்துக்கு 108 என்று எல்லாம் வரிசையாக வந்து சேரும். இது பெரிய சாதனைதான். இரண்டாவது குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்ததா, பதிவேட்டில் அவர் பக்கம் மூடப்படுகிறது. அதன்பிறகு சுகரோ பிரஷரோ வந்தால்தான் அவர் தனக்காக ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கிறார். நடுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. உடம்பு தலைகீழாக மாறுவது அந்த இருபது ஆண்டுகளில்தான்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. மேலை நாட்டுப் பெண்களைவிட இது நாலைந்து ஆண்டுகள் முன்னதாகவே. நிற்பதற்கு முன்பே தொல்லைகள் தொடங்கிவிடும். 'மாசம் ரெண்டு தடவை வருது', 'வந்தா பத்து நாளைக்கு நிக்க மாட்டேங்குது', 'திடீர்னு அனல் அடிச்ச மாதிரி வேர்த்துக் கொட்டுது', 'ராத்திரி தூக்கமே இல்ல.' இவற்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடமாவது சொல்வார்கள். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதைக் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லக் கூசுவார்கள். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய எலும்பின் அடர்த்தி குறைகிறது, தசை வற்றுகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, ரத்தக்குழாய்களுக்கு இருந்த பாதுகாப்பும் விலகுகிறது. உதிரப்போக்கு அதிகம் என்று போனால் 'கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்ற பதில் சில இடங்களில் சட்டென்று வந்துவிடும். மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் எனப் பல வழிகள் இருக்கும்போதே இப்படி நடக்கிறது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்துத் துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

'கூப்பிட்டாலும் பொம்பளைங்க வர்றதில்லை' என்பது சுகாதார ஊழியர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு. அதற்கு மறுப்பு நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் கைகோத்து நடத்தியது அது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பரிசோதனையும் எளிது: கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். கோளாறு உள்ள இடம் வெள்ளையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருந்தால் அந்த இடத்தைக் குளிரூட்டி உறையவைத்து அதே நாளில் முடித்துவிடுவார்கள். 'அடுத்த வாரம் ரிசல்ட் வாங்க வாங்க' என்ற பேச்சே இல்லை. ஒரு நாள் கூலி போனால் போனதுதான், இரண்டாவது நாள் போகாது.

வீடு தேடிப் போய் அழைத்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்கு மேல்! முடிவுகள் 2007-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன: புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. இப்போது இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் பேர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்று போர்டு மாட்டினால் பத்தில் ஒருவர். வாசலுக்கு வந்து கூப்பிட்டு, ஒரே நாளில் முடித்து அனுப்பினால் பத்தில் ஆறு பேர். பெண்கள் மீது குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது?

மதுரைக்கு இது புதுப் பாடமும் இல்லை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆபரேஷன் இலவசம் என்றால் மட்டும் போதாது, பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஏழைகள் வருவார்கள் என்பதை முகாம் முகாமாகக் கற்றுக்கொண்டது.

நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் அக்கறைகூட உடம்பை வலுப்படுத்துவதில் இல்லை. அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு எங்கும் ஜிம்கள் வந்துவிட்டன. பெண்களுக்குத் தனி நேரமும் பலவற்றில் உண்டு. அங்கே பேச்செல்லாம் எடை குறைப்பது பற்றித்தான். முட்டி எப்படி, மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்கிறவர்கள் குறைவு. 2023-இல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஒரு நடைபாதையை அடையாளம் காட்டியது. அதன் நீளம் 8 கிலோமீட்டர். நல்ல முயற்சிதான், காலைச் சமையல் முடியாதவருக்கு எட்டாத தூரம்.

'நாள் முழுக்க வேலை செய்றவங்களுக்கு எக்சர்சைஸ் எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பூக் கட்டும் பெண்ணைப் பாருங்கள். தரையில் சம்மணமிட்டு, கழுத்தைக் குனிந்து, மணிக்கணக்கில் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து, 'அம்மாடி' என்று எழுவார். வேலை அவரைத் தேய்க்கிறது. தொடைக்கோ இடுப்புக்கோ பலம் சேர்ப்பதில்லை. அவருக்கு ஜிம் வேண்டாம். சுவரோரம் உறுதியான ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக எழ வேண்டும், அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். பத்து முறை. அடுத்து, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்குவது. பிறகு, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது. தும்மினால் கசியும் தொல்லை இதில் பலருக்குக் குறையும். 'எடை தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்' என்ற பயத்துக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். ஏற்கெனவே இறக்கம் உள்ளவர் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டே செய்ய வேண்டும். மற்றவர்கள் சரியான முறையில், சிறிது சிறிதாக எடையைக் கூட்டினால் பயமில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சாப்பாட்டையும் விட முடியாது. அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40 சதவீதம் பேருக்கு அதிக உடல் எடை. மாதவிலக்கு நின்றபின் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேப்பையில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கிறது. கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் நம் சமையலறைக்குப் புதிதா என்ன? எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை அவர் சாப்பிடும் வழக்கம்தான் மாற வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாகக் கட்டடம் எழுப்பத் தேவையில்லை. மதுரையின் தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் குழுக்கள் 1990-லிருந்து இயங்குகின்றன. பில்லுசேரியில் விவசாயக் கூலியாக இருந்து அந்த இயக்கத்தின் முகமாக உயர்ந்த சின்னப்பிள்ளைக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படி ஊருக்கு ஊர் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. சேமிப்புக் கணக்குப் பார்க்க அவர்களே தோதான நேரத்தைக் குறித்துக்கொண்டு கூடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் பிரஷர் பார்க்கும் கருவியோடு வீடு வீடாகப் போகிறார்கள்; அந்தத் திட்டத்திலேயே வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறார். குழுக் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் இவர்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. மாவட்ட நிர்வாகம் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஓர் ஒன்றியத்தில் இதைத் தொடங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் வாரத்தில் ஒரு பிற்பகலை நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கென்று ஒதுக்கலாம்.

அதுவரை, இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையும் சுகர், பிரஷர் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. உங்கள் அம்மாவையோ அக்காவையோ மதினியையோ இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு ஒரு வேளைச் சமையலை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.