'செம மச்சி'க்கு அப்புறம் என்ன சொல்றது?

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நம்ம எல்லாரும் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது செய்யுற, ஆனா யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்காத ஒரு வேலையைப் பத்திப் பேசப் போறோம். ஃப்ரெண்ட் எடுத்த போட்டோவைப் பாத்துட்டுக் கருத்து சொல்றது.

சிச்சுவேஷன் இதுதான். உங்க ஃப்ரெண்ட் ஒருத்தங்க புதுசா போட்டோ எடுக்க ஆரம்பிச்சிருக்காங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா வாங்கியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல எழுந்து, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் போயிட்டு வந்து, ஒரு படத்தை உங்களுக்கு அனுப்புறாங்க. கீழ ஒரு வரி: "எப்படி இருக்கு?"

நம்மள்ல பாதிப் பேரு என்ன பண்ணுவோம்? நெருப்பு எமோஜி. "செம மச்சி." "வேற லெவல்." முடிஞ்சுது. மீதிப் பேரு நாலு யூடியூப் வீடியோ பாத்தவங்க. அவங்க பதில் வேற மாதிரி வரும்: "நாய்ஸ் ஜாஸ்தி. ஹொரைசன் சாயுது. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்ல." அதுவும் முடிஞ்சுது.

முதல் பதில் நட்புக்குச் சொன்னது. ரெண்டாவது பதில் ரூல் புக்கைப் பாத்துச் சொன்னது. அந்தப் படத்தைப் பாத்துச் சொன்ன பதில் இன்னும் வரவே இல்ல. அனுப்பினவங்க அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. தொடர்ந்து அது வரலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரு நாள் அந்த கேமரா பீரோக்குள்ள போயிடும்.

எடுத்தவங்களால முடியாத ஒரு வேலை

கருத்து எதுக்குத் தேவைப்படுதுன்னு முதல்ல பாத்துடலாம். படம் எடுத்தவங்களுக்கு அந்தப் படத்தோட சேர்த்து நிறைய ஞாபகம் இருக்கு. அந்தக் காலைக் காத்து, மீன் வாசனை, ஏலம் விடுற சத்தம், ஐஸ் தண்ணில நனைஞ்ச செருப்பு, "எடுக்கலாமாக்கா?"ன்னு கேக்குறதுக்கு வந்த தயக்கம். படத்தைப் பாக்கும்போது இது எல்லாமே அவங்களுக்குத் திரும்பி வரும். அதனால படம் நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல அந்தக் காலை நல்லா இருந்துச்சான்னு அவங்களால பிரிச்சுப் பாக்க முடியாது.

உங்களுக்கு அந்த ஞாபகம் எதுவும் இல்ல. உங்க கைல இருக்குறது ஒரு செவ்வகம் மட்டும்தான். அதனாலதான் உங்க கண்ணுக்கு மதிப்பு. நீங்க போட்டோகிராஃபி தெரிஞ்சவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. அந்தப் படத்தை முதல் தடவையா பாக்குற வாய்ப்பு உங்களுக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அப்போ உங்க கண்ணுக்கு என்ன நடந்துச்சுங்குறதுதான் நீங்க கொடுக்கக்கூடிய பெரிய தகவல்.

கண்ணு எங்க போச்சு?

நம்ம காசிமேடு படத்துக்கே வருவோம். ஒரு அக்கா தரைல தார்ப்பாய் விரிச்சு மீனைக் கூறு வச்சு விக்குறாங்க. கையை நீட்டி விலை சொல்றாங்க. படத்தோட வலது ஓரத்துல வெள்ளையா ஒரு தெர்மாகோல் பெட்டி. அக்கா தலைக்கு நேர் பின்னாடி ஒரு விளக்குக் கம்பம்.

இருபது செகண்ட் பாருங்க. ஸ்க்ரோல் பண்ணாம, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு. இப்போ உங்க கண்ணு முதல்ல எங்க போச்சுன்னு யோசிங்க. பொதுவா நம்ம கண்ணு படத்துல வெளிச்சமான இடத்துக்கும், மனுஷ முகத்துக்கும், எழுத்துக்கும் சீக்கிரம் போகும். இந்தப் படத்துல அந்த வெள்ளைப் பெட்டி உங்களை இழுத்திருக்கலாம். அப்போ இப்படிச் சொல்லுங்க: "எனக்கு முதல்ல அந்த வெள்ளைப் பெட்டிதான் தெரிஞ்சுது. அக்காவோட கைக்கு அப்புறமாதான் வந்தேன். ஆனா வந்ததுக்கப்புறம் அந்தக் கையை விட்டு நகரவே முடியல."

இதுல திட்டும் இல்ல, புகழ்ச்சியும் இல்ல. ஆனா எடுத்தவங்களுக்கு ரெண்டு விஷயம் கிடைச்சிருச்சு. அந்தக் கை வேலை செய்யுது. அந்தப் பெட்டி தடுக்குது. பெட்டியை கிராப் பண்ணணுமா, வெளிச்சத்தைக் குறைக்கணுமா, அடுத்த தடவை ரெண்டு அடி இடது பக்கம் நகரணுமாங்குறது அவங்க முடிவு.

"நல்லா இருக்கு"ன்னு சொல்றதுக்கும் இதே விதிதான். எது, எங்க நல்லா இருக்குன்னு சொன்னாதான் அவங்க அதைத் திரும்பச் செய்ய முடியும்.

என்ன காட்ட நினைச்சாங்க?

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான இடம். ஹொரைசன் சாயுது, ஃபோகஸ் இல்ல, இருட்டா இருக்கு. இதெல்லாம் தப்பா?

ராபர்ட் ஃபிராங்க்னு ஒரு போட்டோகிராஃபர், சுவிட்சர்லாந்துல பொறந்தவர். 1955ல குகன்ஹைம் உதவித்தொகை வாங்கிட்டு அமெரிக்கா முழுக்க சுத்திப் படம் எடுத்தார். மொத்தம் சுமார் 27,000 ஃபிரேம். அதுல 83 படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'தி அமெரிக்கன்ஸ்'னு புத்தகமாக்கினார். 1958ல பாரிஸ்லயும், அடுத்த வருஷம் அமெரிக்காவுலயும் வந்துச்சு. வந்த புதுசுல 'பாப்புலர் போட்டோகிராஃபி' பத்திரிகைல விமர்சகர்கள் அதைக் கடுமையா விமர்சிச்சாங்க. மங்கல், நாய்ஸ், சாயுற கோடுன்னு குறை சொன்னாங்க. இன்னைக்கு அது இருபதாம் நூற்றாண்டோட முக்கியமான போட்டோ புத்தகங்கள்ல ஒண்ணு.

உடனே "பாத்தியா, நான் சாய்ச்சு எடுத்ததும் ஆர்ட்தான்"னு கிளம்பிடாதீங்க. அந்த விமர்சகர்கள் மங்கலையும் சாய்வையும் சரியாவே பாத்தாங்க. அது அந்தப் படத்துல என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் கேக்கல. தப்பா சரியாங்குறது, அவங்க என்ன காட்ட நினைச்சாங்கங்குறதைப் பொறுத்தது. அதனால தீர்ப்புக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "இந்தச் சாய்வு எனக்கு ஒரு பதட்டத்தைக் கொடுக்குது. வேணும்னே வச்சதா?" ஆமான்னா, அது வேலை செஞ்சிருக்கு. இல்லைன்னா, அவங்களுக்கே புரிஞ்சிடும். நீங்க திட்ட வேண்டிய வேலை மிச்சம்.

நாலு படி

இதை ஒரு முறையாவே பண்ணி வச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன். 1990ல அவங்க உருவாக்கின முறை இப்போ நடனம், நாடகம், எழுத்துன்னு பல இடத்துல பயன்படுது. போட்டோவுக்கும் அப்படியே பொருந்தும். மொத்தம் நாலு படி.

ஒண்ணு, பாக்குறவங்க தங்களைத் தொட்ட விஷயத்தைச் சொல்லணும். "அந்தக் கை."

ரெண்டு, எடுத்தவங்க கேள்வி கேக்கணும். "பின்னாடி இருக்குற கூட்டம் தொந்தரவா இருக்கா?"

மூணு, பாக்குறவங்க கேக்கலாம், ஆனா உள்ள கருத்தை ஒளிச்சு வைக்காம. "ஏன் இவ்ளோ இருட்டா எடுத்த?"ங்குறது கேள்வி மாதிரி வேஷம் போட்ட குறை. "வெளிச்சத்தைப் பத்தி என்ன யோசிச்ச?"ங்குறதுதான் கேள்வி.

நாலு, அனுமதி கேட்டுட்டுக் கருத்து. "அந்தக் கம்பத்தைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது. சொல்லட்டா?" அவங்க வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்தான். சரின்னா, நேராச் சொல்லிடலாம்: "அவங்க தலைல இருந்து கம்பம் முளைச்ச மாதிரி இருக்கு."

கவனிச்சீங்கன்னா, குறை சொல்லக்கூடாதுன்னு இந்த முறை சொல்லவே இல்ல. கடைசில சொல்லுன்னுதான் சொல்லுது. அதுக்குள்ள நீங்க படத்தை ஒழுங்கா பாத்துட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்போ அந்தக் குறை காதுல விழும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க

டெக்னிக்கலா சொல்லத் தெரியும்னா தாராளமா சொல்லுங்க. ஆனா ஒரு படத்துக்கு ஒண்ணு. அதுவும் அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க செஞ்சு பாக்கக்கூடியதா இருக்கட்டும். "கை மங்கியிருக்கு, ஷட்டர் 1/30ல இருந்திருக்கு. அடுத்த தடவை 1/250 வச்சுப் பாரு. அதே வெளிச்சத்துல ஐஎஸ்ஓ 400க்குப் பதிலா 3200 வரைக்கும் போகும், கொஞ்சம் நாய்ஸ் வரும். மங்கலா, நாய்ஸா, எது பரவாயில்லைன்னு நீயே முடிவு பண்ணு." பத்துக் குறையை லிஸ்ட் போட்டதை விட இந்த நாலு வரி அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். வாட்ஸ்ஆப்ல போட்டோவா அனுப்பினா சைஸைக் குறைச்சுதான் அனுப்பும். அதைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு "ஷார்ப்பா இல்லையே"ன்னு சொல்லாதீங்க. டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

இப்போ, அனுப்புறவங்களுக்கு

இதுவரைக்கும் சொல்றவங்களுக்குப் பேசினேன். கேக்குறவங்களுக்கும் வேலை இருக்கு.

முப்பது படத்தை அனுப்பி "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, நெருப்பு எமோஜிதான் வரும். நியாயமான பதில்தான் அது. மூணு படம் அனுப்புங்க. அந்த மூணைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிப் பாடம் முடிஞ்சிரும். கேள்வியையும் குறிப்பா கேளுங்க: "முதல்ல என்ன தெரிஞ்சுது?" "இதுல எது உனக்கு நாளைக்கும் ஞாபகம் இருக்கும்?"

அப்புறம், அவங்க பேசுற வரைக்கும் விளக்கம் கொடுக்காதீங்க. "அது வந்து, அங்க ஒரு வண்டி நின்னுச்சு, நகர முடியல..." உண்மையா இருக்கலாம். ஆனா படம் பாக்குறவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நீங்க உக்காந்து விளக்கம் சொல்ல முடியாது. அந்த ரெண்டு நிமிஷம் சும்மா இருக்குறதுதான் இதுல ரொம்பக் கஷ்டமான வேலை. வலிக்கும். குறிச்சு வச்சுக்கோங்க, அன்னைக்கே பதில் சொல்ல வேண்டாம்.

எல்லாரும் சொல்றதைக் கேட்டு மாத்தணுமான்னா, தேவையில்ல. ஒருத்தர் சொன்னா அது அவரோட ரசனையா இருக்கலாம். ஒருத்தருக்கொருத்தர் பேசாம மூணு பேர் ஒரே இடத்துல தடுக்கி விழுந்தா, அங்க ஏதோ கல்லு இருக்கு. ஆனா அதை எப்படி எடுக்குறதுன்னு அவங்க சொல்ற வழி உங்க வழியா இருக்கணும்னு இல்ல.

லைக்கைப் பத்தியும் ஒரு வார்த்தை. கட்டை விரல் ஓடுற வேகத்துல, சின்ன ஸ்கிரீன்ல, பெரிய முகமும் பளிச்சுன்னு கலரும் ஜெயிச்சிடும். நின்னு பாக்க வேண்டிய படம் தோத்துப்போகும். அதனால லைக் குறைஞ்ச படம் மோசமான படம்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அதைப் பேப்பர்ல பிரிண்ட் போட்டு நாலு பேர் கைல கொடுத்துப் பாருங்க. இது ஒண்ணும் புதுசு இல்ல. மெட்ராஸ்ல 1850கள்லயே போட்டோகிராஃபிக்குன்னு ஒரு சங்கம் இருந்துச்சு.

நாம கேக்க மறக்குற ஒருத்தங்க

கடைசியா ஒண்ணு. இவ்ளோ நேரம் அந்த அக்காவோட கை, தலை, பின்னாடி கம்பம்னு பேசிட்டோம். அந்த அக்கா படத்தைப் பாத்தாங்களா?

ஃபிரேமுக்குள்ள ஒரு மனுஷர் இருந்தா, அவங்ககிட்டயும் படத்தைக் காட்டலாம். கேமராவைத் திருப்பிக் காட்டுங்க. அவங்க சிரிக்கலாம். "என்னம்மா, பொடவை கசங்கிக் கெடக்குது"ன்னு சொல்லலாம். "இதைப் போடாத தம்பி"ன்னும் சொல்லலாம். அப்படிச் சொன்னா டெலீட் பண்ணிடுங்க, அங்க விவாதம் இல்ல. உங்களுக்கு அழகாத் தெரிஞ்ச வறுமை அவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு வேற எந்தப் போட்டோகிராஃபரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. ஃப்ரெண்டோட படத்துக்குக் கருத்து சொல்றப்பவும் இதைக் கேக்கலாம்: "அவங்ககிட்ட காட்டுனியா? என்ன சொன்னாங்க?"

சரி மக்களே, இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். உங்க போன்ல எமோஜி மட்டும் போட்டுட்டு நகர்ந்த ஒரு படம் இருக்கும். அந்த சாட்டைத் திறந்து, இருபது செகண்ட் பாத்துட்டு, ஒரே ஒரு வரி எழுதுங்க: "எனக்கு முதல்ல தெரிஞ்சது..." அங்க இருந்து ஆரம்பிங்க. மறுபக்கம் டைப்பிங்னு வந்துக்கிட்டே இருக்கும் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.