தளத்துக்குக் காவல் யார்?
நாட்டைக் காக்கிற கடற்படைத் தளத்துக்கு யார் காவல், தெரியுமா?

லட்சத்தீவின் தென்கோடித் தீவு மினிக்காய். 2024 மார்ச்சில் அங்கே 'ஐ.என்.எஸ். ஜடாயு' தளம் தொடங்கியது. தீவு கடல்மட்டத்துக்கு மேலே ஓரிரு மீட்டர்தான். கஜா புயலைப் பார்த்த நம்ம கடலோர ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம்காரர்களுக்கு அது எவ்வளவு தாழ்வு என்று சொல்லவே வேண்டாம்!

அங்கே பெரிய அலைகளைக் கரைக்கு வெளியிலேயே உடைத்துப்போட்டுக் காவல் நிற்பது பவளப்பாறைதான். ஆனால் கடல் சூடேறினால் பவளம் வெளுக்கும். சூடு நீடித்தால் செத்தே போகும். அதே 2024 கோடையில் லட்சத்தீவுப் பவளங்கள் பரவலாக வெளுத்தன. பாறை தேய்ந்தால் அலை நேரே கரையேறும். மணலுக்கடியில் தேங்கிய மழைநீர்தான் தீவின் கிணற்றுநீர். அதிலும் உப்பு ஏறிவிடும். ஊராருக்கும் கடற்படை வீரர்களுக்கும் குடிதண்ணீர்க் கவலை அங்கேதான் தொடங்குகிறது.