பாவு யாருடையது? - சிறுதொழிற்கடனும் ஷரீஅத்தின் பார்வையும்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தறியோசை கேட்கும் வீடுகள் இன்றும் உள்ளன. தறி நெசவாளருடையது, உழைப்பும் அவருடையதே. ஆனால் தறியில் ஏறியுள்ள பாவும், ஊடைப்பட்டும், சரிகையும் பெரும்பாலும் அவருடையவை அல்ல. வணிகரோ கூட்டுறவுச் சங்கமோ தந்த அவற்றை நெய்து முடித்து, சேலையை ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். கைத்திறன் மிக்கவர் தம் கைப்பொருளுக்கு உரிமையாளராக இயலாமைக்கு மூலதனம் இன்மையே முதற்காரணம். அம்மூலதனம் அவருக்கு எவ்வழிகளில் கிடைக்கிறது, அவ்வழிகளைப் பற்றி ஷரீஅத் கூறுவதென்ன என்பதை இங்கு ஆராய்வோம்.

முதல் வழி வணிக வங்கி. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையானதன் நோக்கங்களுள் ஒன்று, சிறுதொழிலாளரிடம் கடன் சென்று சேர்வதாகும். 2000 இல் சிறுதொழிற் கடனுக்கான உத்தரவாத நிதியம் நிறுவப்பட்டது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சிறு, குறுந்தொழிற் கடன்களுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாதென ரிசர்வ் வங்கி 2010 இல் பணித்தது. 2015 இல் முத்ரா திட்டம் வந்தது. நெசவாளர்க்கு அதன்கீழ் 6 விழுக்காடு வட்டியில் கடன் வழங்கவும் ஏற்பாடாயிற்று.

இத்தனைக்குப் பின்னும் வங்கியின் வாசலில் சிறுதொழிலாளர் தயங்கி நிற்பதேன்? வங்கி கணக்கேட்டைக் கேட்கிறது. நெசவாளரின் நாணயமோ தெருவார் வாய்மொழியில் இருக்கிறது. சிறுகடனை ஆராய்வதற்கும் பெருங்கடனை ஆராய்வதற்கும் ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. கடன் கேட்பவருள் நம்பத்தக்கவரைப் பிரித்தறிய இயலாதபோது, வங்கிகள் வட்டியை உயர்த்துவதைவிடக் கடனையே மறுத்துவிடும் என்பதை ஸ்டிக்லிட்ஸ், வைஸ் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1981 இல் விளக்கினர். வட்டியை விலக்க விழைவோருக்கோ இவ்வாசல் மேலும் குறுகியது. வட்டியில்லா வங்கிமுறைக்கு 2008 இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. எனினும் அதைத் தொடர்வதில்லையென ரிசர்வ் வங்கி 2017 இல் தெரிவித்தது.

இரண்டாம் வழி வணிகர் தரும் முன்பணம். இதற்கு ஈடில்லை, படிவமில்லை, பல நேரங்களில் வட்டியுமில்லை. ஆதலின் இது குற்றமற்றது என நம்மவருள் ஜவுளி வாணிபம் செய்வோரும் கருதக்கூடும். ஆனால் முன்பணம் தீரும்வரை அவருக்கே நெய்யவேண்டும். கூலியை உயர்த்திக் கேட்க இயலாது. இத்தகைய முன்பணத்துக்காகச் சிறுவர்களே தறியில் பிணைக்கப்பட்டதைக் காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டுத்தொழில் ஊர்களில் ஆய்ந்து, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 இல் அறிக்கை வெளியிட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 இலேயே இயற்றப்பட்டிருந்தும் நிலை அதுவாக இருந்தது.

கடன் கொடுத்தவர் அக்கடனை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியின் இனத்தைச் சேர்ந்ததே என்பது ஃபிக்ஹு அறிஞர் வகுத்த நெறி. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கூலி ஒப்பந்தமும் விற்பனை போன்றதே என்பதால், கடனைக் காட்டிக் கூலியைக் குறைப்பதும் இத்தடைக்குள் அடங்கும். எனவே ரூபாயாக வட்டி பெறாதவர், குறைந்த கூலியாக அதைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். கடன்பட்டவர் எச்சமயத்தவராயினும் இதில் வேறுபாடில்லை.

மாற்று வழி யாது? ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்த 'இஸ்திஸ்னாஃ' எனும் செய்பொருள் ஒப்பந்தம் இங்கே பொருந்துகிறது. மூலப்பொருளை வணிகர் தந்தால் அது 'இஜாரா', அதாவது கூலி ஒப்பந்தம். மூலப்பொருளும் உழைப்பும் நெசவாளருடையவையாக இருந்து, சொன்னவண்ணம் செய்து தருவதே இஸ்திஸ்னாஃ. சேலையின் நீளம், கரை, சரிகையின் தரம், விலை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை முன்னரே வரையறுத்து, விலையின் ஒரு பகுதியை முன்னதாக அளிக்கலாம். அப்பணத்தால் நெசவாளர் பட்டு வாங்குவார். அது கடனன்று, விலை. பாவு அவருடையதாகிறது. அடுத்த சேலையை யாருக்கு நெய்வதென்பது அவர் விருப்பம். நம் நாட்டுச் சட்டத்திலும் இது சாதாரண விற்பனை உடன்படிக்கையே. இதற்குத் தனி வங்கி வேண்டியதில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282 ஆம் வசனம், தவணையுடைய கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிப்பதாகும். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பதும் அதன் கட்டளை. வங்கி நெசவாளரிடம் கேட்டு இல்லையென்று திருப்பியனுப்புவதும் இவ்வெழுத்தையே. எழுதப்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தமும், வங்கிக் கணக்கின் வழியே பெற்ற ஒவ்வொரு விலையும் அவரது நாணயத்துக்குச் சான்றாகச் சேரும். முதற்பாவுக்கே வழியற்றவர்க்கு ஜமாஅத்தின் பைத்துல்மால் 'கர்ளு ஹஸன்' எனும் அழகிய கடனை வழங்கலாம். நெருக்கடியில் அவகாசம் தருமாறு 280 ஆம் வசனம் வழிகாட்டுகிறது.

எனவே வணிகப் பெருமக்கள் தம் முன்பணக் குறிப்பேட்டை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. அதிலுள்ள தொகை விலையா, விலங்கா என்பதை அவர்களே அறிவர். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கியருள்வானாக!